ரேச்சல் கார்சன்: பறவைகளுக்காகப் பேசிய எழுத்தாளர்

பறவைகளைப் பாடாத மொழி உலகில் இல்லை எனலாம். ஆயினும், பாடப்பட்ட அப்பறவைகள் நஞ்சாலும் பட்டினியாலும் மடியத் தொடங்கிய காலத்தில் அவற்றுக்காக வழக்காட முன்வந்த எழுத்தாளர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டின் ரேச்சல் கார்சன். கடலைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் எய்திய அவர், ஐம்பது வயதைக் கடந்தபின், தமக்கு விருப்பமான பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, விருப்பமற்ற பொருள் ஒன்றைக் கடமையெனக் கருதிக் கையில் எடுத்தார். அதற்கு அவர் தம் இறுதி ஆண்டுகளை விலையாகக் கொடுத்தார்.

இளமை

பென்சில்வேனியா மாநிலத்தில், அலகேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ரேச்சல் பிறந்தார். தந்தை ராபர்ட், தாய் மரியா. மூவருள் இளையவர் ரேச்சல். குடும்பத்துக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தது, செல்வம் இல்லை. திருமணத்துக்கு முன் ஆசிரியப் பணி செய்த தாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தோப்பிலும் ஓடைக்கரையிலும் நடந்தார். பறவைகளின் குரலையும் பூச்சிகளின் ஊர்தலையும் பூக்களின் பெயரையும் அறிமுகம் செய்தார். கடலையே கண்டிராத அச்சிறுமி கடலைப் பற்றிய புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தாள்.

1918ஆம் ஆண்டு, பதினோராம் வயதில், சிறுவர் இதழ் ஒன்றில் அவளுடைய முதல் கதை அச்சேறியது. போர் விமானி ஒருவனின் வீரத்தைச் சொல்லும் கதை அது. அன்று முதல் எழுத்தாளராவதே தம் வாழ்வின் நோக்கம் என ரேச்சல் முடிவு செய்துகொண்டார்.

அறிவியலும் எழுத்தும்

1925இல் பிட்ஸ்பர்க் நகரின் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தார். அங்கே மேரி ஸ்கிங்கர் என்னும் பேராசிரியை நடத்திய உயிரியல் வகுப்பு அவரை ஈர்த்தது. மூன்றாம் ஆண்டில் இலக்கியத்தை விட்டு உயிரியலுக்கு மாறினார். எழுத்துக்கும் தமக்கும் இருந்த உறவு அத்துடன் முடிந்ததெனவே அவர் எண்ணினார். எழுதுவதற்கான பொருளைத்தான் அந்த மாற்றம் அவருக்குத் தந்தது என்பது பிற்பாடே புலப்பட்டது.

1929ஆம் ஆண்டுக் கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றபோது அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வைத் தொடர வறுமை இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தை மறைந்தார். குடும்பப் பாரம் ரேச்சலின் தோளில் விழுந்தது. அரசின் மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதிக் கொடுக்கும் பகுதிநேர வேலையை ஏற்றார். அடுத்த ஆண்டு அத்துறையிலேயே உயிரியலாளராக நிரந்தரப் பணி கிடைத்தது. 1937இல் தமக்கை மரியன் இறக்க, அவருடைய இரு பெண் குழந்தைகளையும் தாயுடன் சேர்ந்து வளர்க்கும் பொறுப்பும் வந்தது.

அவருடைய மேலதிகாரி ஒருநாள், கடல்வாழ் உயிர்களைப் பற்றி அரசு வெளியீடு ஒன்றுக்கு முன்னுரை எழுதித் தருமாறு பணித்தார். எழுதிக் கொடுத்ததை அவர் படித்துப் பார்த்தார். அரசு வெளியீட்டுக்கு இது பொருந்தாது, வேறொன்று எழுதுக; இதனை நாட்டின் சிறந்த இலக்கிய இதழுக்கு அனுப்புக என்று திருப்பித் தந்தார். அவ்வாறே 1937இல் அக்கட்டுரை அட்லாண்டிக் மன்த்லி இதழில் வெளிவந்தது. அதன் வளர்ச்சியாக 1941 நவம்பரில் முதல் நூல் உருவாயிற்று. சில வாரங்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. நாடு போரில் இறங்கியது. நூலைக் கவனிப்பார் இல்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1951இல், கடலின் தோற்றத்தையும் இயக்கத்தையும் விளக்கும் இரண்டாவது நூல் வந்தது. அது 86 வாரங்கள் அதிக விற்பனை நூல்களின் பட்டியலில் நின்றது. தேசிய நூல் விருதையும் பெற்றது. 1952இல் அவர் அரசுப் பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். மெயின் மாநிலக் கடற்கரையில் சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டார். 1955இல் கடலோர உயிர்களைப் பற்றிய மூன்றாவது நூல் வெளிவந்தது. விரைந்து எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் செவியால் கேட்டு, ஓசை இடறும் இடங்களையெல்லாம் மீண்டும் மீண்டும் திருத்துவார். உரைநடைக்கும் செவியே நடுவர் என்பது அவர் கொள்கை.

ஒரு கடிதம்

டி.டி.டி. என்னும் வேதிப்பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். உலகப் போரின்போது பேன் வழிப் பரவிய நச்சுக் காய்ச்சலையும், கொசு வழிப் பரவிய மலேரியாவையும் தடுத்து எண்ணற்ற உயிர்களை அது காத்தது. 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் அந்த மருந்து வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அதனைத் தொடர்ந்து அதனினும் கொடிய ஆல்டிரின், டையல்டிரின், ஹெப்டகுளோர் முதலியன வந்தன. போர்விமானிகள் மருந்து தெளிக்கும் விமானிகளாயினர்.

டி.டி.டி. பற்றிய ஐயம் கார்சனுக்குப் புதியதன்று. மேரிலாந்தின் பட்டுக்சன்ட் ஆய்வு நிலையத்தில் தம் துறையினர் நடத்திய சோதனைகளைப் பற்றி எழுத விரும்பி 1945இலேயே மாத இதழ் ஒன்றை அவர் அணுகினார். அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1957ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டக்ஸ்பரி ஊரில், கொசுக்களை ஒழிப்பதற்காக விமானத்திலிருந்து மருந்து தெளிக்கப்பட்டது. அங்கே ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் பெண்மணி தம் நிலத்தைப் பறவைகளின் புகலிடமாகப் பேணி வந்தார். தெளிப்புக்குப் பின் அவர் வீட்டைச் சூழ்ந்து வாழ்ந்த பாடும் பறவைகள் அலகு பிளந்து, கால் நகங்கள் நெஞ்சோடு இறுகிச் செத்துக் கிடந்தன. பயனுள்ள பூச்சிகளும் மறைந்தன. கொசுக்கள் மட்டும் குறையவில்லை. நெஞ்சு கொதித்த அவர் 1958 ஜனவரியில் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் படி ஒன்றைத் தம் தோழியான கார்சனுக்கும் அனுப்பினார்.

அதே வேளையில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில், எண்ணெயில் கரைத்த டி.டி.டி.யைத் தங்கள் தோட்டங்களின் மீதும் மேய்ச்சல் நிலங்களின் மீதும் விமானங்கள் பொழிவதை எதிர்த்துக் குடிமக்கள் சிலர் வழக்குத் தொடுத்திருந்தனர். பறவையியல் அறிஞர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபி அவர்களுள் ஒருவர். வழக்கு தோற்றது. ஆனால் அதில் குவிந்த சான்றுகள் கார்சனின் மேசைக்கு வந்து சேர்ந்தன. வேறு யாரேனும் எழுதினால் நன்று என்றுதான் அவர் முதலில் எண்ணினார். எவரும் முன்வராதபோது, எழுதாமலிருப்பதே குற்றமாகத் தோன்றிற்று.

மண்புழுவும் ராபினும்

அவர் திரட்டிய சான்றுகளுள் மிகவும் உருக்கமானது ராபின் பறவையின் கதை. செம்மார்பு கொண்ட இப்பறவையின் வருகையே வட அமெரிக்காவில் வசந்தத்தின் அறிவிப்பு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைத் தடுக்க 1954இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினர். நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்வதே நோக்கம். அந்த ஆண்டு பறவைகளுக்கு ஊறு ஏதும் தென்படவில்லை. அடுத்த வசந்தத்தில்தான் ராபின்கள் துடிதுடித்து விழத் தொடங்கின. பேராசிரியர் ஜார்ஜ் வாலஸ் காரணத்தைத் தேடினார்.

விடை மண்ணுக்குள் இருந்தது. இலையில் படிந்த மருந்து மழையில் கரையவில்லை. இலையுதிர் காலத்தில் அவ்விலைகள் தரையில் விழுந்தன. மண்புழுக்கள் இலைகளைத் தின்றன. சில மாண்டன, பல நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொண்டு உயிர்வாழ்ந்தன. வசந்தத்தில் திரும்பி வந்த ராபின்கள் அப்புழுக்களைத் தின்றன. பெரிய மண்புழுக்கள் பதினொன்று ஒரு ராபினைக் கொல்லப் போதும் என இல்லினாய்ஸ் மாநில ஆய்வு ஒன்று கணித்தது. அந்தப் பறவை அத்தனை புழுக்களைச் சில நிமிடங்களில் தின்றுவிடும்.

சாகாத பறவைகளும் தப்பவில்லை. கூடு கட்டியவை முட்டையிடவில்லை, இட்டவை பொரிக்கவில்லை. வழக்கமாகப் பதின்மூன்று நாளில் பொரியும் முட்டைகளின் மீது ஒரு ராபின் இருபத்தொரு நாள் நம்பிக்கையோடு அமர்ந்திருந்த செய்தியைக் கார்சன் தம் நூலில் பதிவு செய்தார்.

நஞ்சு தின்று சாவது ஒருவகை. தின்ன ஏதுமின்றிச் சாவது மற்றொரு வகை. இவ்விரண்டையும் அவர் பிரித்துக் காட்டினார். பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தகைவிலான்கள் அருகி வருவதைக் கண்டோர், வானில் பூச்சிகளே இல்லாமற் போயிருக்க வேண்டும் அல்லது இருக்கும் பூச்சிகள் நஞ்சேறியிருக்க வேண்டும் என முறையிட்டனர். கனடாவின் மிராமிசி ஆற்றில் 1954இல் காட்டு மரங்களுக்குத் தெளித்த மருந்து நீரில் கலந்தபோது, மீன்குஞ்சுகள் நஞ்சால் மட்டும் மடியவில்லை. அவற்றின் இரையாகிய நீர்ப்பூச்சிகள் அழிந்ததால் பசியாலும் மடிந்தன. சாலையோரப் புதர்களைக் களைக்கொல்லியால் கருக்கியபோது தேனீக்கள் பூவை இழந்தன. பறவைகள் கூட்டையும் இரையையும் இழந்தன.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்றும் அவர் ஆராய்ந்தார். பரந்த நிலம் முழுதும் ஒரே பயிரை விளைவிக்கும் முறை, அப்பயிரை உண்ணும் பூச்சிக்கு விருந்து வைப்பதாகும். கலந்து வளரும் செடிகளுக்கிடையே அப்பூச்சி இவ்வளவு பெருகியிராது. பெருகிய பூச்சியைக் கொல்ல மருந்து. மருந்து பூச்சியை மட்டுமல்லாமல் அதனைத் தின்னும் பறவையையும் கொல்கிறது. தப்பிய பூச்சிகள் மருந்தைத் தாங்கும் வலிமை பெறுகின்றன. அடுத்த தெளிப்பு முன்னதினும் கடுமையாகிறது. பூச்சிக்குப் பகையாக இயற்கை வைத்த காவலரை முதலில் சாகடித்துவிட்டுக் காவலுக்கு ஆளில்லையே என மனிதன் வருந்துவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நூல் பிறந்த வேதனை

இந்நூலை எழுதிய நான்கு ஆண்டுகளும் துயரம் நிறைந்தவை. 1957இல் தமக்கையின் மகள் இறந்துவிட, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அநாதையானான். திருமணம் செய்துகொள்ளாத கார்சன் அவனைத் தம் மகனாக ஏற்றார். 1958 டிசம்பரில் தாய் மறைந்தார். 1960 ஏப்ரலில் கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை நடந்தது. கட்டியின் உண்மைத் தன்மையை மருத்துவர் அவரிடம் மறைத்தார். நோய் பரவிவிட்டதை அவர் ஆண்டிறுதியில்தான் அறிந்தார். கதிர்வீச்சுச் சிகிச்சையுடன் மூட்டு வீக்கமும் கண் அழற்சியும் சேர்ந்தன. சில வாரங்கள் தம் கையெழுத்துப் படியைத் தாமே படிக்க இயலாத நிலை. பிறர் படிக்கக் கேட்டுத் திருத்தினார்.

நோயை அவர் வெளியே சொல்லவில்லை. வேதிப்பொருள்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசும் நூல் அது. ஆசிரியரே நோயாளி என்று தெரிந்தால், சொந்தத் துன்பத்தால் எழுந்த சினம் எனச் சான்றுகளை ஒதுக்கிவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். நெருங்கிய சிலரைத் தவிர எவருக்கும் தெரியாமல் எழுதி முடித்தார்.

நூலின் பெயர் எளிதில் அமையவில்லை. பறவைகளைப் பற்றிய இயலுக்கு ‘மௌன வசந்தம்’ என்னும் தலைப்பு முதலில் முன்மொழியப்பட்டது. பின்னர் அவருடைய நூல் முகவர் மரி ரோடலின் யோசனைப்படி அதுவே நூலுக்கும் பெயராயிற்று. பறவைகள் பாடாத ஏரிக்கரையைக் காட்டும் கீட்ஸின் கவிதை நூலின் முகப்பில் இடம்பெற்றது. ஒரு கவிஞனின் சோகக் காட்சி, நூற்றாண்டுக்குப் பின் வேளாண்மையின் விளைவாக மெய்யாகும் என்பதை அத்தலைப்பு உணர்த்திற்று. முதல் இயலைக் கார்சன் ஒரு கற்பனைக் கதையாக அமைத்தார். பறவைகளின் குரல் அடங்கிய ஓர் ஊரை வருணித்துவிட்டு, அத்தகைய ஊர் ஒன்று முழுமையாக எங்கும் இல்லை. ஆனால் அத்துன்பங்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நிகழ்ந்தவையே என்றும் அங்கேயே கூறினார். நூலின் இறுதியில் 55 பக்கங்களுக்குச் சான்றுக் குறிப்புகள் இணைக்கப்பட்டன.

எதிர்ப்பும் ஏற்பும்

1962 ஜூன் 16ஆம் நாள் முதல் நியூயார்க்கர் இதழில் நூலின் சுருக்கம் மூன்று பகுதிகளாக வந்தது. செப்டம்பர் 27ஆம் நாள் நூல் வெளியாயிற்று. புயல் எழுந்தது. வேதிப்பொருள் நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுப்பதாகப் பதிப்பாளரை அச்சுறுத்தியது. மற்றொன்று, பூச்சிக்கொல்லி இல்லாத உலகம் பஞ்சத்தில் அழிவதாகக் கேலிக் கதை வெளியிட்டது. முனைவர் பட்டம் பெறாதவர் என்றும், உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றும் இழித்துரைத்தவர்கள் உண்டு. நூலின் சான்றுகளை விடுத்து முதல் இயலின் கற்பனையைத் தாக்கியவர்களும் உண்டு.

பூச்சிக்கொல்லியே கூடாதென அவர் எங்கும் கூறவில்லை. கண்மூடித்தனமான பயன்பாட்டையே கண்டித்தார். நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதன் தேவையை அவர் மறுத்ததில்லை. வரைமுறையற்ற தெளிப்பால் கொசுக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டால், தேவையான வேளையில் மருந்து பயன்படாது போகும் என்றே எச்சரித்தார். மலேரியா மரணங்களுக்கு அவரைப் பொறுப்பாக்கிப் பிற்காலத்தில் பேசியோர் இப்பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

1963 ஏப்ரல் 3ஆம் நாள் நாடு முழுவதும் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சீறிய எதிர்ப்பாளருக்கு நேர்மாறாக, அமைதியான குரலில் அவர் பேசியதைக் கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். மே 15ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அது கார்சனின் பக்கமே நின்றது. ஜூன் 4ஆம் நாள் செனட் துணைக்குழு முன் அவர் சாட்சியம் அளித்தார். அப்போது நோய் எலும்புவரை பரவியிருந்தது. அவையில் இருந்தோர் அதனை அறியார்.

இறுதி நாள்கள்

அவ்வாண்டு செப்டம்பரில் மெயின் கடற்கரையில், தோழி டோரத்தி ஃப்ரீமனுடன் ஒரு காலைப் பொழுதைக் கழித்தார். வலசை போகும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கிச் சென்றன. போகும் அவை திரும்பி வருவதில்லை. அதனை நினைத்தபோதும் இருவர் மனத்திலும் துயரம் எழவில்லை என்பதை அன்று பிற்பகலே கார்சன் தோழிக்கு எழுதினார். வாழ்வின் சுற்று இயல்பாக நிறைவதில் வருத்தம் இல்லை என்பது அவர் தமக்கே சொல்லிக்கொண்ட ஆறுதல்.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில் இருந்த தம் இல்லத்தில் ரேச்சல் கார்சன் காலமானார். வயது 56. அவர் சாம்பலின் ஒரு பகுதி, அவர் விரும்பியவாறே, மெயின் கடலில் தூவப்பட்டது.

அவருக்குப் பின்

1970இல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது. 1972இல் அந்நாட்டு வேளாண்மையில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டது. 1980இல் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது மறைந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நோய் பரப்பும் உயிர்களைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டும் விலக்களித்து, டி.டி.டி.யை உலகளவில் கட்டுப்படுத்தியது. 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் 417 இணைகளாகக் குறைந்திருந்த வெண்தலைக் கழுகு மீண்டும் பெருகி, 2007இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கழுகு மீண்டது, பூச்சி தின்னும் சிறு பறவைகளின் நிலை வேறு. இங்கிலாந்தின் சசெக்ஸ் வயல்களில் சாம்பல் கௌதாரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தோர், முதல் சில வாரங்களில் பூச்சியை உண்டே வளரும் குஞ்சுகள் இரையின்றி மடிவதைக் கண்டறிந்தனர். களைக்கொல்லி களையை அழித்தது. களையோடு பூச்சி அழிந்தது. பூச்சியோடு குஞ்சு அழிந்தது. பறவையின் உடலில் நஞ்சைத் தேடினால் இச்சாவுக்குச் சான்று கிடைக்காது. விதையிலேயே பூசப்பட்டுச் செடி முழுதும் பரவும் புதிய வகைப் பூச்சிக்கொல்லி நெதர்லாந்தின் நீர்நிலைகளில் மிகுந்திருந்த இடங்களில் பூச்சி தின்னும் பறவைகள் விரைந்து குறைந்ததை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்தது. ஜெர்மனியின் காப்பு நிலங்களில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 76 விழுக்காடு குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. 1970க்குப் பின் வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்ததாக 2019இல் கணக்கிடப்பட்டது. ஐரோப்பாவின் வயல்வெளிப் பறவைகள் 1980 முதல் 2016 வரை பாதிக்கு மேல் குறைந்தன. அதற்கு முதற்காரணம் உரமும் மருந்தும் மிகுந்த தீவிர வேளாண்மையே என 2023இல் வெளியான ஆய்வு முடிவு செய்தது.

கார்சன் பெயரிட்டுக் கூறிய நஞ்சுகளுள் பல இன்று வயல்களில் இல்லை. அவர் விளக்கிய சங்கிலி மட்டும் அப்படியே இருக்கிறது. இலையும் புழுவும் பூச்சியும் பறவையும் ஒரே பந்தியில் அமர்ந்தவை. ஒன்றின் இலையில் வைத்த நஞ்சு மற்றதன் இலைக்கும் வந்தே தீரும், ஒன்றின் இலை வெறுமையானால் மற்றதன் இலையும் வெறுமையாகும் என்பதை அறிவியலின் உறுதியோடும் இலக்கியத்தின் தெளிவோடும் அவர் எழுதிவைத்தார். கடலைப் பற்றி அவர் எழுத எண்ணியிருந்தவை எழுதப்படாமலே போயின. அவற்றின் இடத்தில் நிற்பது, ஒரு பறவையின் பாட்டு நின்றபோது காரணம் கேட்ட நூல். பாடுபொருளைப் போற்றுவதோடு அதனைக் காப்பதும் எழுதுவோர் கடமை என்பதற்கு ரேச்சல் கார்சனின் வாழ்க்கை நிலைத்த சான்று.